காதலும் மர்மமும் எழுதுகிறவர்களுக்குச் செட்டிநாட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

மாத நாவல் ஆசிரியர்களுக்கும், கைப்பேசியில் அத்தியாயம் அத்தியாயமாகத் தொடர்கதை எழுதுகிறவர்களுக்கும், இவற்றை அச்சிட்டு விற்கும் பதிப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் காரைக்குடிப் பக்கத்துக்காரி. உங்கள் வாசகி. காதல் கதை, கொலைக் கதை, இரண்டும் கலந்த கதை எதையும் விடுவதில்லை. பேருந்து நிலையக் கடையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்த மாத நாவல்களில் ஆரம்பித்து, வாடகை நூலகத்தில் கடைசிப் பக்கம் கிழிந்த பிரதிகளோடு மல்லுக்கட்டி, இப்போது பல்லவன் எக்ஸ்பிரஸில் சென்னை போகும்போது கைப்பேசியில் படிக்கிறேன். ஆகையால் இதை யாரோ இலக்கியவாதி எழுதிய கண்டனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"இதெல்லாம் ஒரு படிப்பா?" என்று கேட்பவர்கள் எங்கள் வீட்டிலும் உண்டு. அவர்களுக்கு நான் கோட்டையூர் ரோஜா முத்தையாவைக் காட்டுவேன். மற்றவர்கள் எடைக்குப் போட்ட நாவல்களையும் நோட்டீசுகளையும் பாட்டுப் புத்தகங்களையும் சேர்த்து வைத்தவர் அவர். 1992-ல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேமிப்பை வாங்கியது. 1994-ல் சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமாயிற்று. துப்பறியும் சங்கர்லாலைப் படைத்த தமிழ்வாணன் 1926-ல் தேவகோட்டையில் பிறந்தவர். காதலையும் துப்பறிதலையும் ஒரே நாவலில் வைத்து எழுத வை.மு.கோதைநாயகி அம்மாளுக்கு நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. வம்சம் நல்ல வம்சம்தான். அதை யாரும் குறை சொல்லவில்லை.

என் குறை வேறு. உங்களில் பலர் கதையை எங்கள் ஊருக்குக் கொண்டுவருகிறீர்கள். வந்து இறங்கியதுமே வாசகரை ஏமாற்ற ஆரம்பித்துவிடுகிறீர்கள். மர்மக் கதை என்றால் எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதை ஒளித்துவைத்து ஏமாற்றுகிறீர்கள். காதல் கதை என்றால் அந்தப் பெண்ணைக் கேட்காமலே அவள் பதிலை நீங்களே எழுதிவிடுகிறீர்கள். இரண்டும் ஒரே வகைத் திருட்டு என்பது என் கட்சி.

முதலில் வீட்டுக்கு வருவோம். உங்கள் நாவலில் செட்டிநாட்டு வீடு வந்தால் நாலாம் பக்கத்தில் கொலுசுச் சத்தம் கேட்கும். ஆறாம் பக்கத்தில் கரண்ட் போகும். உடனே மழை கொட்டும். (உங்கள் நாவல்களில் பெய்யும் மழையில் பாதி சிவகங்கை மாவட்டத்தில் பெய்திருந்தால் எங்கள் ஊருணிகள் ஒருநாளும் வற்றியிருக்காது.) அப்புறம் சுவருக்குள் ஒரு ரகசிய அறை, அதற்குள் பர்மாவிலிருந்து வந்த தங்கம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் லாந்தர் விளக்கோடு வந்து, "அந்தக் கதவை மட்டும் திறந்துடாதீங்க" என்பார். அவர் ஒன்று கொலையாளி, இல்லாவிட்டால் முதல் பலி.

நிஜத்தில் அந்தப் பெரியவர் என்ன செய்கிறார் தெரியுமா? வாரம் ஒருமுறை கதவுகளைத் திறந்து காற்றாட விடுகிறார். வௌவால் எச்சத்தைக் கூட்டுகிறார். நிலைக்காலில் கறையான் ஏறியிருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறார். உடைந்த ஓட்டைப் படம் பிடித்துச் சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். எந்தப் பங்காளிக்கு எவரோடு பேச்சு இல்லை, யார் கடைசியாக எப்போது வந்து எந்த அறையைத் திறந்தார் என்பது வீட்டுக்காரர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். துப்பறிகிறவர் முதலில் போய் உட்கார்ந்து பேச வேண்டிய ஆள் அவர்தான். உங்கள் இன்ஸ்பெக்டரோ அவரை ஓர் அறை அறைந்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விடுகிறார்.

ரகசிய அறையும் வேண்டாம், சுரங்கமும் வேண்டாம். வீட்டின் அமைப்பே போதும். முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று வீடு நீளவாக்கில் போய்க்கொண்டே இருக்கும். பல வீடுகளில் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். எல்லாக் கதவும் திறந்திருந்தால் திண்ணையில் உட்கார்ந்தபடியே கடைசிக் கட்டு வரை பார்க்கலாம். நடுவில் ஒரு கதவைச் சாத்திவிட்டால் பின்னால் என்ன நடக்கிறது என்று முன்னால் இருப்பவருக்குத் தெரியாது. முகப்பில் விருந்தாளி காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் பின்வாசல் வழியாக அடுத்த தெருவில் இறங்கிப் போய்விடலாம். இது எங்கள் ஊர்க் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். கண்ணாமூச்சி விளையாட்டின் அடிப்படையே அதுதான்.

சாவி விஷயமும் அப்படித்தான். ஒரு வீட்டுக்கு ஒரு கொத்துச் சாவி, அது வீட்டுப் பெரியவர் இடுப்பில் தொங்கும் என்று எழுதுகிறீர்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணமான ஒவ்வொருவர் குடும்பமும் ஒரு புள்ளி. வளவைச் சுற்றியிருக்கும் அறைகள் அந்தந்தப் புள்ளிக்கு உரியவை, சாவியும் அவரவரிடம். வளவும் முகப்பும் பொது. தலைமுறை தாண்டத் தாண்ட ஒரே அறைக்கு நாலு பேர் உரிமையாளராகி, சாவி மட்டும் ஒருவரிடம் தங்கிவிடும். அவர் மலேசியாவில் ஈப்போவில் இருப்பார். பூட்டிய அறைக்குள் ஒரு பிணம் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவை உடைக்கலாமா என்று தீர்மானிக்கவே எத்தனை பேருக்குத் தொலைபேசியில் பேச வேண்டியிருக்கும்! அந்தத் தொலைபேசிப் பேச்சுகளிலேயே பாதிக் குடும்பத்தின் குட்டு வெளிப்பட்டுவிடும். இதை யாராவது எழுதினால் நான் இரண்டு பிரதி வாங்குவேன்.

அடுத்து, கொலைக்கான காரணம். வேறென்ன, சொத்துதான். பெரியவர் உயிலை மாற்றப்போகிறார் என்று தெரிந்து சித்தப்பா பாலில் விஷம் கலக்கிறார். சரி, கலக்கட்டும். கலப்பதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க மாட்டாரா? வட்டிக் கணக்கில் பேரெடுத்த ஊர் ஐயா இது. பரம்பரை வீட்டில் பெரியவருக்கு இருப்பது ஒரு பங்கு. உயில் எழுதினாலும் அந்தப் பங்கை மட்டும்தான் எழுத முடியும். பாட்டனார், அவர் பிள்ளைகள், பேரன்கள் என்று பிரிந்துகொண்டே வந்தால் சித்தப்பா கைக்கு நாற்பதில் ஒன்றோ அறுபதில் ஒன்றோ வரும். வீட்டை முழுதாக விற்க வேண்டுமென்றால் மற்றவர்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். இதற்காக ஒரு மனிதர் தூக்குமேடை வரை போவார் என்று நம்பச் சொல்கிறீர்களே.

இந்தக் கணக்கில் மகள்களை நீங்கள் அடியோடு மறந்துவிடுகிறீர்கள். தமிழ்நாட்டில் 1989-லேயே கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் போல மகளுக்கும் பங்கு என்று சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்கு முன்பே கல்யாணமாகிப் போன பெண்களுக்கு அது கிடையாது என்றொரு நிபந்தனை இருந்தது. 2005-ல் மத்திய அரசின் திருத்தம் அந்த நிபந்தனை இல்லாமல் வந்தது. அந்தத் திருத்தம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு அம்மாளை நினைத்துப் பாருங்கள். கல்யாணமாகிப் போனதிலிருந்து விசேஷத்துக்கு வந்து, பந்தி பார்த்து, பலகாரம் வாங்கிக்கொண்டு போனவர். யாரும் எதற்கும் யோசனை கேட்டதில்லை. திடீரென்று அவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது என்றாகிறது. கார் அனுப்பி அழைத்து வருகிறார்கள். தலைமாட்டில் தண்ணீர் வைக்கிறார்கள். "நம்ம வீட்டுப் பொண்ணு தடை சொல்லுமா" என்கிறார்கள். அப்புறம் குரல் மாறுகிறது. ராத்திரி அவர் படுத்திருக்கும் அறைக் கதவை யாரோ வெளியிலிருந்து தாழ் போடுகிறார்கள். இங்கே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கொலுசுச் சத்தத்துக்கு ஒருநாளும் அடித்துக்கொண்டதில்லை.

போகிற போக்கில் ஒன்று. உங்கள் போலீஸ்காரர்கள் இன்னமும் "302-ல உள்ளே தள்ளிடுவேன்" என்கிறார்கள். 2024 ஜூலை 1-லிருந்து நடக்கும் கொலைகளுக்குப் பழைய 302 கிடையாது, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-ஆம் பிரிவு. சொல்ல வாய்க்கு நன்றாக இல்லைதான், என்ன செய்வது.

இனி முடிவைப் பற்றி. பாதிக் கதைவரை நன்றாகக் கொண்டுவருகிறீர்கள். கடைசி நாலு பக்கத்தில் அதுவரை கேள்விப்படாத ஓர் இரட்டைச் சகோதரன் மலேசியாவிலிருந்து வந்து இறங்குகிறான். இன்ஸ்பெக்டர் எல்லாரையும் வளவில் உட்காரவைத்து மூச்சு விடாமல் விளக்கம் சொல்கிறார். "அந்த டைரியை நான் முதல்நாளே படித்துவிட்டேன்" என்கிறார். அவர் படித்தபோது நாங்கள் எங்கே போயிருந்தோம்? அவரோடுதானே அந்த அறைக்குள் வந்தோம்? எங்கள் முதுகுக்குப் பின்னால் படித்துவிட்டுக் கடைசியில் சொன்னால் அதில் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. முதலிலேயே சொல்லிவிட்டு, அதற்கப்புறமும் என்னை உட்காரவைக்கத் தெரிந்தால் அதற்குத் தலைவணங்குகிறேன்.

எப்படி என்று கேட்டால், எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஊரில் தங்கிவிட்ட ஒரு பங்காளி. கடன். இரண்டாங்கட்டுத் தேக்குத் தூண்களை ஒவ்வொன்றாக விற்று, கருங்கல்லை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார். பெட்டகத்தில் இருந்த பித்தளை, வெண்கலச் சாமான்களும் போய்விட்டன. இதெல்லாம் முதல் அத்தியாயத்திலேயே வாசகருக்குத் தெரியும். இரண்டாம் அத்தியாயத்தில் போன் வருகிறது: பேரன் கல்யாணம், நம் வீட்டில்தான் வைக்கிறோம், அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டது. ஊரே திரண்டு வரப்போகிறது. சமையல் தொடங்கும்போது பின்கட்டைத் திறந்தே ஆக வேண்டும். இனி அந்த மனிதர் முகூர்த்தக்கால் ஊன்ற நாள் பார்ப்பதைக்கூட நம்மால் நிம்மதியாகப் படிக்க முடியுமா? கொலையே தேவைப்படாது.

அதிலேயே காதலும் இருக்கிறது. மாப்பிள்ளையின் தங்கை ஒருநாள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைச் சும்மா பார்த்துக்கொண்டு போகிறாள். ஓர் உருளியைப் புரட்டினால் விளிம்பில் அவள் அப்பத்தாவின் பெயர், குடும்ப விலாசத்தோடு வெட்டியிருக்கிறது. எங்கள் வீட்டுச் சாமான்களில் அப்படிப் பேர் வெட்டுவது வழக்கம், கரண்டிகூடத் தப்பாது. கடையில் பில் எழுதும் பையனுக்கு விற்றது யார் என்று தெரியும். முதலாளி வாயைத் திறக்காதே என்றிருக்கிறார். அவன் சொன்னால் வேலை போகும், அவள் குடும்பம் கல்யாணத்துக்கு முன்பே உடையும். சொல்லாவிட்டால் அவளிடம் பேசும் ஒவ்வொரு வார்த்தையும் பொய். அவள் தினமும் ஏதாவது சாக்கில் கடைக்கு வருகிறாள். உருளிக்காக வருகிறாளா, அவனுக்காக வருகிறாளா என்று அவனுக்கும் தெரியவில்லை, ஒருவேளை அவளுக்கும் தெரியாது. காசு ஒன்றும் வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள். பேயைச் சேர்த்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

காதல் நாவல்களைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. முன்னே நாயகன் முரடாக இருப்பான், கடைசியில் அழுவான். அதைச் சகித்துக்கொண்டோம். இப்போது 'ஆன்டி ஹீரோ' என்று பெயர் வைத்து, அவள் வேண்டாம் வேண்டாம் என்னும்போதே தூக்கிக்கொண்டு போகிறான், அறையில் பூட்டுகிறான், கையை முறிக்கிற மாதிரி பிடிக்கிறான். அவளோ அவன் வாசனையில் மயங்குகிறாள். விருப்பமில்லை என்று காட்டிய பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது 2013-லிருந்தே நம் சட்டத்தில் குற்றம். கட்டாயக் கல்யாணத்துக்காகப் பெண்ணைக் கடத்தினால் பத்தாண்டு வரை சிறை. உங்கள் மர்ம நாவலில் இன்ஸ்பெக்டர் தேடிக்கொண்டிருக்கும் ஆள்தான் உங்கள் காதல் நாவலில் நாயகன். இவற்றை எழுதுகிறவர்களில் நிறையப் பேர் பெண்கள், படிக்கிற எங்களில் பெரும்பாலோரும் பெண்கள் என்பதும் தெரியும். "கதைதானே அக்கா, நிஜத்தில் யார் ஒத்துக்கொள்வார்கள்" என்று ஒரு தங்கை என்னிடம் சொன்னாள். கற்பனையில் முரடன் வேண்டும் என்றால் இருக்கட்டும், நான் என்ன காவல்காரியா. ஆனால் அவளுடைய கோபம் எந்த அத்தியாயத்தில் எப்படிக் கரைந்தது என்றாவது எழுதுங்கள். அவன் பக்கம் நாற்பது பக்கம், அவள் மனம் மாறுவதற்கு ஒரு முத்தம் என்றால் அவளுக்குக் கதையில் என்ன வேலை?

திடீர்த் தாலி வேறு. மாப்பிள்ளை ஓடிப்போகிறான், கூட்டத்தில் நின்ற நாயகன் சட்டைப் பையிலிருந்து தாலியை எடுத்துக் கட்டுகிறான். தயவுசெய்து இதைச் செட்டிநாட்டுக் கல்யாணத்தில் வைக்காதீர்கள். எங்கள் தாலியான கழுத்துரு சட்டைப் பையில் அடங்கும் நகை இல்லை. அதைக் கோப்பதற்கே தனியாக நாள் பார்ப்பார்கள். எந்தக் கோயில், எந்தப் பிரிவு என்று பார்க்காமல் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தார் வீட்டில் ஒரு கல்யாணம் நடக்காது. நகரத்தார் குடும்பங்கள் பிரிந்திருக்கும் ஒன்பது கோயில்களில் இருவரும் ஒரே கோயில், ஒரே பிரிவு என்றால் அண்ணன் தங்கை முறை. இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்தம் எழுதி இரு வீட்டாரும் கையெழுத்திட வேண்டும். அப்பாவிப் பெண்ணைத் திடீரென்று கட்டிவைக்க இவ்வளவு காகித வேலையில் இடமே கிடையாது. வேண்டுமானால் பக்கத்து மாவட்டத்துக்குக் கதையை மாற்றிக்கொள்ளுங்கள்.

எனக்குக் கட்டி வைத்த கல்யாணத்துக்குப் பிறகு வரும் காதல் பிடிக்கும். அதைச் சிலர் அருமையாக எழுதுகிறீர்கள், அதற்கு நன்றி. இருவரும் ஒரே அறையில், வெளியே வளவு நிறைய மாமனார் மாமியார் கொழுந்தன்மார். சண்டை போட்டாலும் கிசுகிசுத்துத்தான் போட வேண்டும். இந்த நெருக்கடியில் வரும் சிரிப்பையும் கூச்சத்தையும் எழுதினாலே பத்து அத்தியாயம் ஓடும்.

பழைய காலத்தைத் தொடுவதாக இருந்தால் பர்மா தங்கத்தை விட்டுவிட்டுக் கடிதத்தைத் தொடுங்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கடைப் பொறுப்புக்குப் போனவர்கள் மூன்று வருஷக் கணக்கில் போவார்கள். கல்யாணமான கொஞ்ச நாளில் கப்பல் ஏறியவர்கள் உண்டு. பெண் இங்கே, எழுத்துத் தெரியாமல். கடிதம் வந்தால் அதை வாசித்துக் காட்டியவர் யார்? கொழுந்தனா, பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பையனா, கணக்கப்பிள்ளையா? வாசித்தவர் எந்த வரியைத் தாண்டிப் போனார்? பதிலை அவள் சொல்லச் சொல்ல எழுதியவர் அப்படியே எழுதினாரா? அப்புறம் 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுகிறது. ஆயிரக்கணக்கானோர் காட்டு வழியாக நடந்து வருகிறார்கள். கடிதம் வருவது நின்றுபோகிறது. ஆனால் அவளுக்கு மட்டும் ஒரு கடிதம் வாசித்துக் காட்டப்படுகிறது. இதற்கு மேல் நான் சொல்லமாட்டேன். நீங்கள்தானே எழுத்தாளர்கள்.

பதிப்பாளர்களே, உங்களுக்குத் தனியாகக் கொஞ்சம். பழைய நாவலைப் புதுத் தலைப்பில், புது அட்டையில் போடும் வழக்கத்தை விடுங்கள். மூன்றாம் பக்கத்தில் கதாநாயகி அந்தக் காலத்து டிரங்க் கால் புக் பண்ணும்போதுதான் எங்களுக்கு விஷயம் புரிகிறது, அதற்குள் காசு கொடுத்தாகிவிட்டது. மறுபதிப்புப் போடுங்கள், சந்தோஷமாக வாங்குகிறோம். முதலில் வந்த வருஷத்தையும் பழைய தலைப்பையும் உள்பக்கத்தில் சின்ன எழுத்திலாவது அச்சிடுங்கள். அட்டையில் காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீட்டைப் போட்டுவிட்டு உள்ளே கதையைக் கொடைக்கானலில் நடத்த வேண்டாம். அத்தியாயத்துக்கு ஒரு அதிர்ச்சி வேண்டும் என்று செயலித் தொடர் எழுதுகிறவர்களை நெருக்குகிறவர்கள் யாராக இருந்தாலும், அவர்களுக்கும் ஒரு வார்த்தை: தினமும் அதிர்ந்தால் பழகிப்போய்விடுகிறது, தூக்கம் வருகிறது.

கடைசியாக, பக்கக் கணக்கு. நாலு பக்கத்தில் இன்ஸ்பெக்டர் மூச்சு முட்ட விளக்கம் சொல்வதற்கு ஆசிரியரை மட்டும் நான் குற்றம் சொல்லமாட்டேன். கதை இன்னும் முடியவில்லை, தாள் முடிந்துவிட்டது என்பது படிக்கும்போதே தெரிகிறது. விலையைக் கூட்டினால் யாரும் வாங்கமாட்டார்கள் என்று பயப்படுகிறீர்கள் போலிருக்கிறது. ஒரு ஃபாரம் கூட்டிப் பாருங்கள். பதினாறு பக்கம். அதற்கு என்ன விலையோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள், நாங்கள் தருகிறோம்.

இப்படிக்கு,
காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி